உனக்கு வந்த சிவப்பு அரளி

அடியே,

இன்று காலை வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி என் தம்பி பேத்தியின் தோளில் குத்திவிட்டேன். சீமையில் பிறந்து வளர்ந்த பெண், லீவுக்கு வந்திருக்கிறாள். மாதா கோயில் பூசைக்குப் போகும்போது பாவாடை தாவணி கட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள். கட்டிவிட்டால் தாவணி தோளில் நிற்க மாட்டேன் என்கிறது. மடிப்பு எடுத்து ஊக்கைக் குத்தியதும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "எப்பவும் கையில பின்னோடதான் இருப்பீங்களா, அத்தைப் பாட்டி?" என்று கேட்டாள். பழக்கம் என்றேன். எந்தப் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

வாய் சும்மா இருக்காமல், அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டுவைத்தேன். அங்கே பள்ளி முடித்துப் பெரிய படிப்புக்குப் போகும் முன்னால் இரண்டு வருஷம் தனியாக ஒரு காலேஜ் உண்டாம். என்ன பாடம் எடுப்பது என்பது படிக்கிறவர் இஷ்டமாம். "சைக்காலஜியும் தியேட்டர் ப்ரொடக்‌ஷனும் எடுத்திருக்கேன்" என்றாள். தியேட்டர் என்றால் சினிமாக் கொட்டகையா என்று கேட்டேன். சிரித்தாள். "நாடகம், பாட்டி. ஆனா நடிக்கிறது இல்ல. பின்னாடி நின்னு எல்லாத்தையும் நடத்துறது. லைட்டு, திரை, சாமான்." யார் முடிவு பண்ணினது என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்து, "நான்தான்" என்றாள்.

பதினாறு வயதுப் பெண்மேல் எனக்குப் பொறாமை வந்தது. வயிறு எரிந்தது என்றே சொல்லலாம், உன்னிடம் என்ன மறைப்பு. அடுத்த நிமிஷம் நீ வந்துவிட்டாய். பொறாமை வந்தால் உன் ஞாபகம் வராமல் எனக்கு இருந்ததே இல்லை. அவளைப் பூசைக்கு அனுப்பிவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாம் செஞ்சி ஹைஸ்கூலில் கடைசி வகுப்புப் படித்தது அறுபதுகளின் நடுவில். அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு நம் தமிழம்மா ஒரு நாடகம் எழுதினார். கோட்டையை ஆண்ட ஒரு ராஜா, அவனுக்கு ஒரு துரோகி மந்திரி, எல்லாம் அவர் கற்பனை. நீதான் ராஜா. உயரமும் குரலும் உனக்கு இருந்தன, போதாததற்குத் திமிரும் இருந்தது. கண்மையால் மீசை வரைந்து, ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடம் வைத்து, உன் அம்மாவின் கூறைப்புடவையைப் பின்னால் அங்கியாகத் தொங்கவிட்டு நீ நின்றபோது பிள்ளைகள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நானும் பிளந்தேன். அப்புறம் மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

என் வேலை மேடைக்குப் பின்னால். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. போர்வைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த திரை, அதில் இரும்பு வளையம் கோத்து ஒரு கம்பியில் மாட்டியிருந்தார்கள். ஒத்திகையில் இழுத்த போதெல்லாம் வளையம் பாதி வழியில் சிக்கிக்கொண்டு, செத்துப்போன மந்திரி எழுந்து வந்து திரையை இழுத்து மூடிவிட்டு மறுபடி செத்துப்போனாள். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உபதேசியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கம்பி முழுக்க அழுத்தித் தேய்த்தேன். அதற்குப் பிறகு ஒரு விரலால் இழுத்தாலே திரை ஓடியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

விழா அன்று நீ வாளை ஓங்கியபோது தோளில் இருந்து புடவை நழுவியது. விழுந்திருந்தால் உள்ளே போட்டிருந்த பள்ளிக்கூட ரவிக்கை தெரிந்து ராஜா போய்விட்டிருப்பார். நீ வசனத்தை விடாமல் ஓரமாக நகர்ந்து வந்து திரைக்கு முதுகு காட்டி நின்றாய். நான் உள்ளே இருந்து கையை நீட்டி ஊக்கைக் குத்தினேன். அவசரத்தில் உன் தோளிலும் குத்திவிட்டது. நீ 'ஆ' என்று கத்தியதை ராஜாவின் கோபம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முடிந்ததும் தமிழம்மா உன்னைக் கட்டிக்கொண்டார், ஹெட்மிஸ்ட்ரஸ் உனக்கு ஒரு மாலையையே போட்டார். நான் கீழே சிதறிக் கிடந்த ஊக்குகளைப் பொறுக்கி வளையலில் கோத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மாலை வேண்டியிருக்கவில்லை. அந்தக் கை யாருடையது என்று யாராவது ஒருத்தர் கேட்டால் போதும் என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பரீட்சை முடிவதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு நாள் வகுப்புக்கு வந்து, பட்டணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி.க்கு மனோதத்துவம் வைத்திருக்கிறார்கள், அதோடு நாடகம் நடத்தும் பயிற்சியும் தருகிறார்கள் என்று சொன்னார். நடிக்க மட்டும் இல்லை, மேடை அமைக்க, விளக்கு வைக்க, ஆட்களை வைத்து வேலை வாங்க. மனிதர்கள் ஏன் அழுகிறார்கள், ஏன் கோபப்படுகிறார்கள் என்று ஒரு பாடம். அவர்களை மேடையில் நிறுத்துவது எப்படி என்று இன்னொரு பாடம். இரண்டையும் ஒரே இடத்தில் சொல்லித் தருகிறார்கள் என்றதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. செட்டிகுளத்துக் கரையில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டே நாள் கணக்காக உன்னிடம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். நீ தின்றுகொண்டே கேட்டாய். கேட்டுக் கேட்டு உனக்கும் ஆசை வந்துவிட்டது. இதை நான் இத்தனை வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவேன்: அந்த ஆசை முதலில் என்னுடையது.

ரிசல்ட் வந்தது. இரண்டு பேரும் பாஸ். மல்லாட்டை மில்லில் வேலை பார்த்த எங்கள் நைனா சட்டையை மாற்றிக்கொண்டு என்னைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். எங்களவர்களுக்குப் பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா, எல்லாம் அங்கே கேட்டுவிட்டுத்தான்.

"தோத்திரம் சாமி. பொண்ணு பாஸ் பண்ணிட்டுது. மேல இன்னா படிக்க வக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

சாமியார் நல்லவர். என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா ஆசை?" என்று கேட்டார். சாமியாரிடம் பொய் சொல்லலாமா? மனோதத்துவமும் நாடகமும் என்றேன். நடிக்க இல்லை சாமி, பின்னால் இருந்து நடத்துவது என்று விளக்கமும் கொடுத்தேன்.

"நம்ம ஊர்ப் பாஸ்கா நாடகத்துக்கு வருஷா வருஷம் சவேரி திரை இழுக்கிறானே, அவன் எந்தக் காலேஜுல படிச்சான்?" என்று சொல்லி அவர் சிரித்தார். நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் கொடுமை. "டீச்சர் ட்ரெய்னிங்ல சேத்துவிடு. கன்னியாஸ்திரீங்க நல்லா பாத்துக்குவாங்க" என்றார். முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நைனா எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் அழுதுகொண்டே குடித்தேன், புரை ஏறியது.

உன்னிடம் வந்து சொன்னபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஆசை இன்னான்னு கேட்டா உண்மைய சொல்லிடுவியா? பைத்தியம். நாடகம் படிச்சாத்தான் நல்ல டீச்சர் ஆவலாம் சாமின்னு சொல்லியிருக்கலாம்ல?" எனக்கு அது தோன்றவே இல்லை. உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பொய் மடியிலேயே இருக்கும்.

உன் வீட்டில் வேறு மாதிரிச் சண்டை. உன் நைனாவுக்கு நீ சயின்ஸ் எடுத்து டாக்டராகி ஊசி போட வேண்டும். உன் அம்மாவுக்கு எதுவானாலும் சரி, நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். நீ நாடகம் நாடகம் என்று சோறு தின்னாமல் கிடந்தாய். அதனால் அம்மனிடம் பூ கேட்பது என்று முடிவானது. நானும் வந்தே தீர வேண்டும் என்றாய். போகலாம், ஆனால் கும்பிடாதே, படைத்ததைத் தின்னாதே என்று எங்கள் அம்மா சொல்லி அனுப்பினார்.

வெயில் ஏறும் முன் அம்மன் இருக்கும் ராஜகிரி மலையில் ஏறினோம். உன் நைனாவும் அம்மாவும் முன்னால் போனார்கள். குரங்குகளுக்குப் பயந்து தேங்காயைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு நீ என் காதில் சொன்னாய். "வெள்ளை வந்தா நாடகம், செவப்பு வந்தா சயின்ஸு. அப்படித்தான்டி நெனச்சிருக்கேன். வாய தொறந்து சொன்னா பலிக்காது, உனக்கு மட்டும் சொல்றேன்." எனக்குச் சொன்னால் மட்டும் பலிக்குமா என்று கேட்டேன். "நீ வேற சாமிய கும்புடறவ. உனக்குச் சொன்னா ஆத்தாவுக்குக் கேக்காது" என்றாய்.

பூசாரி ஒரு சிவப்பு அரளியையும் ஒரு வெள்ளை அரளியையும் தனித்தனியாகப் பூவரசு இலையில் சுற்றி நூலால் கட்டினார். இரண்டையும் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். "மனசுக்குள்ள நெனச்சுக்கோங்க" என்றார். நீங்கள் மூன்று பேரும் கண்ணை மூடினீர்கள். நான் கும்பிட்டுவிடக் கூடாதே என்று கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கைக்குள்தான் என் பொறாமை முழுக்க இருந்தது. உனக்காக ஒரு மலை ஏறி வந்திருக்கிறார்கள். ஒரு சாமியைக் கேட்கிறார்கள். எனக்கு யார் எங்கே ஒரு பூ கேட்டார்கள்? பூவில் தோற்றிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நான் ஒரு சிரிப்பில் தோற்றேன்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

உனக்கு சயின்ஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எனக்கு இல்லாதது உனக்கும் இல்லை.

"செவப்பு! ஆத்தா சொல்லிட்டா. டாக்டருதான்" என்று உன் நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா டாக்டரு? செவப்புன்னா நாடகம்னு இல்ல நான் நெனச்சேன்?" என்றார் உன் அம்மா.

"நீ எதுக்கு நெனச்ச? நான் நெனச்சா போதாதா?"

"பெத்தவ நெனைக்காம? நீ இன்னா நெனச்சேன்னு எனக்குச் சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னுதான சொல்லல!"

பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். இன்னொரு முறை போடுங்கள் என்று உன் நைனா கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். "இன்னொரு தபா கேட்டா ஆத்தாவ சோதிக்கற மாதிரி ஆயிடும். ஆகாது." கொஞ்சம் யோசித்து, "பூ யாருக்குக் கேட்டோம்? பொண்ணுக்கு. பொண்ணு இன்னா நெனச்சுதோ அதான் கணக்கு" என்றார்.

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ அம்மனை ஒரு தரம் பார்த்தாய். என்னை ஒரு தரம் பார்த்தாய். கண் இமைக்காமல், ராஜா வேஷத்தில் பேசிய அதே குரலில், "செவப்பு வந்தா நாடகம்னுதான் நெனச்சேன்" என்றாய்.

இறங்கும்போது உன் கையைக் கிள்ளினேன். "சாமி முன்னால ஏண்டி பொய் சொன்ன?"

"ஆத்தாவுக்கு ரெண்டு பூவும் ஒண்ணுதான்டி. எனக்குத்தான் ரெண்டும் ஒண்ணு இல்ல."

நான் அன்று முழுவதும் உன்னோடு பேசவில்லை. பொய் சொன்னாய் என்பதற்காக இல்லை. அப்படி ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்று.

நீ பட்டணம் போனாய், நான் கன்னியாஸ்திரீகளிடம் போனேன். லீவுக்கு வரும்போதெல்லாம் குளத்தங்கரையில் உன்னை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்வேன். மனோதத்துவத்தில் என்ன சொல்லித் தந்தார்கள், நாடகத்தில் என்ன சொல்லித் தந்தார்கள். நீ பாதியை மறந்துவிட்டு வருவாய். எனக்கு உன்னை அறையத் தோன்றும். ஒரு முறை, தட்டு நிறையச் சாமான் வைத்து, காட்டி, துணியால் மூடிவிட்டு, என்னென்ன இருந்தது என்று கேட்டார்களாம். முதலில் பார்த்ததும் கடைசியில் பார்த்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்ததாம், நடுவில் இருந்ததுதான் போய்விட்டதாம். நான் அதைப் பின்னாளில் வல்லத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புளியங்கொட்டையும் பல்பமும் வைத்துச் செய்து பார்த்தேன். ஒரு பயல் ஒன்றைக்கூட மறக்கவில்லை, உன் புரொபசரிடம் போய்ச் சொல் என்று உனக்கு எழுதினேன்.

இன்னொரு லீவில் நீ துள்ளிக்கொண்டு வந்தாய். கல்லூரி நாடகத்துக்கு உன்னை நடிக்கவிடாமல் மேடை நிர்வாகம் பார்க்கச் சொன்னார்களாம். திரை சிக்கியதாம். நீ மெழுகுவர்த்தியைத் தேய்த்தாயாம். எல்லோரும் அசந்துபோனார்களாம்.

"யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"எங்க ஊர்ல இப்படித்தான்னு சொன்னேன்."

அப்போது நீ தின்றுகொண்டிருந்த மல்லாட்டையைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தேன். என் கை கற்றதற்கு உனக்கு மார்க்கு! நீ கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டாய். பிறகு, "உனக்கு என்மேல பொறாமைடி" என்றாய். மனோதத்துவம் படித்துத்தான் அதைக் கண்டுபிடித்தாயாக்கும். "ஆமா, இருக்குது" என்றேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். "இருக்கட்டும். நீ பொறாமைப்பட்டாத்தான்டி எனக்கு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லி என் மடியில் இருந்த மல்லாட்டையை அள்ளிக்கொண்டாய்.

அன்று தொடங்கியது அந்த வழக்கம். உனக்குக் கல்லூரியில் மனோதத்துவம் நடத்தும் வேலை கிடைத்தபோது வந்தாய். "பொறாமையா இருக்குதா?" இருக்குது என்றேன். "அப்ப சரி" என்றாய். சமைக்கத் தெரிந்த புருஷன் வாய்த்தபோது கேட்டாய். சொந்த வீடு கட்டிக் குடி போன அன்று மாடிப்படியில் நிறுத்தி வைத்துக் கேட்டாய். உன் மாணவிகள் அம்மா அம்மா என்று உன்னைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரு கூட்டத்தில், மேடையில் இருந்தே புருவத்தைத் தூக்கிக் கேட்டாய். நான் கீழே இருந்து தலையை ஆட்டினேன். ஒரு தடவைகூட நான் பொய் சொல்லவில்லை. எனக்கும் நல்ல பிழைப்புதான். பிள்ளைகள் என்மேல் உயிரை விட்டார்கள், வருஷா வருஷம் நாடகம் போட்டேன், என் திரை ஒருநாளும் சிக்கியதில்லை. ஆனாலும் நீ கேட்கும்போதெல்லாம் இருந்தது. நான் என்ன செய்ய?

நடுவில் உள்ளது மறந்துபோகும் என்று உன் புரொபசர் சொன்னது சரிதான். எத்தனையோ வருஷம் எங்கேயோ போய்விட்டது. கடைசி நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உன் மகள் வீட்டில் கட்டிலில் கிடந்தாய். ராஜாவின் தோள் இருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையை இழுத்து வளையலைத் திருப்பித் திருப்பி, ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். "இன்னுமாடி?" என்றாய். பிறகு நான் பயந்துகொண்டே இருந்ததைக் கேட்டுவிட்டாய்.

"பொறாமையா இருக்குதா?"

உள்ளே தேடிப் பார்த்தேன். இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக உன்மேல் எனக்குப் பொறாமை இல்லாமல் போயிருந்தது. இல்லை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இருக்குது. ஏன் இருக்காது?" என்றேன். "கால நீட்டிப் படுத்துக்கினு இருக்க. கேட்ட நேரத்துக்குக் காப்பி வருது. நான் இந்த முட்டியோட காலைல எழுந்து பாலுக்கு நடக்கறேன்."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். மனித முகத்தைப் படித்தே சம்பளம் வாங்கினவள் நீ. உன் உதடு கோணியது, சிரிக்கிறாய் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கத்துக்கினியே" என்றாய். "அப்ப சரி."

அந்த வாரமே நீ போய்விட்டாய்.

இப்போது பூசை முடிந்திருக்கும். அந்தப் பெண் தாவணியைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருப்பாள். வந்ததும் கம்பியில் மெழுகு தேய்ப்பதைச் சொல்லித் தரலாம் என்று இருக்கிறேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று அங்கே கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

உன்னை அனுப்பிய பிறகு கொஞ்ச காலம் உள்ளே காலியாகவே இருந்தது. பொறாமை இல்லாமல் எனக்கு உன்னோடு எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. இன்று இதை எழுத எழுத அது திரும்பி வந்துவிட்டது, ஊக்கு குத்தினதுபோல நன்றாகவே உறைக்கிறது. உனக்கு எழுத ஒருத்தி இருக்கிறாள். உன் மீசை, உன் அங்கி, நீ அம்மன் முன்னால் சொன்ன பொய், எல்லாம் தெரிந்த ஒருத்தி. எனக்கு இப்படி எழுத யார் இருக்கிறார்கள்? எழுத வேண்டியவள் முந்திக்கொண்டு போய்விட்டாள். இதிலும் உனக்குத்தான் கிடைத்தது.

கேளேன் இப்போது. சும்மா ஒரு தரம் கேள். பொய்யில்லாமல் சொல்கிறேன்.

இருக்குதுடி.